சூசைமரியானுக்கு விழுந்த சொல்

உப்பு வாருகிற காலம் தொடங்கி, பாத்திகளின் ஓரமெல்லாம் வெள்ளைக் குவியல்கள் எழும்பிக்கொண்டிருந்த ஒரு மாலையில், முள்ளிக்கரை எடைமேடையின் குமாஸ்தா சூசைமரியான், லாரியை மேடைமீது ஏற்றி நிறுத்தச் சொல்லிவிட்டு, ஆறிப்போவதற்குள் குடித்துவிடலாம் என்று தேநீர்த் தம்ளரை வாய்க்குக் கொண்டுபோன நேரத்தில், அவனுடைய இடது விலாவில் ஓர் உதை விழுந்தது. உதைத்த கால் யார் கண்ணுக்கும் படவில்லை. நாற்காலி ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமுமாகக் கிடந்ததையும், தேநீர் சுவரில் வழிந்ததையும் லாரிக்காரன்தான் முதலில் பார்த்தான். "என்ன அண்ணாச்சி, வாயுப் பிடிப்பா?" என்று கேட்டபடி உள்ளே வந்தவன், சட்டையைத் தூக்கிப் பார்த்து, அங்கே விரல்கள் தெரிய ஒரு சின்னக் கால்தடம் சிவந்து எழும்பியிருப்பதைக் கண்டு, "இது பிள்ளைக் காலுல்லா" என்று சொல்லிவிட்டு, எடைச்சீட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

அதே நேரத்தில், ஊரின் மறுகோடியில், கூரை பாதி போன பழைய உப்புக் கொட்டகைக்குள், தவசிக்கனி மாஸ்டர் தன் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஒரு புதிய உதையைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். சென்னைத் துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில் கராத்தே படித்து, கறுப்பு பெல்ட்டோடும் உடைந்து ஒட்டிய மூக்கோடும் ஊர் திரும்பியவர் அவர். காலை மடக்கி, இடுப்பைத் திருப்பி, பக்கவாட்டிலிருந்து வட்டமாக வீச வேண்டும், வீசும்போது அதன் பெயரைச் சொல்ல வேண்டும், பெயர் சொல்லாத அடி முகவரி இல்லாத கடுதாசி என்பது அவர் கொள்கை. பிள்ளைகள் அத்தனை பேரும் காற்றை உதைத்து, "மாவாஷி கெரி!" என்று ஒரே குரலில் கத்தினார்கள். கடல்காற்று அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு போனது. அது போய்ச் சேர்ந்த இடம்தான் சூசைமரியானின் விலா.

அவனை இரண்டு பேர் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, அவன் மனைவி பொன்சீலி அப்போதுதான் உப்புப் பொட்டலம் கட்டும் ஷெட்டிலிருந்து திரும்பி, கை வெடிப்புகளில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அவள் எழுந்து பாய் விரித்தாள், வெந்நீர் வைத்தாள், அவன் சட்டையைக் கழற்றித் தடத்தைப் பார்த்தாள். பிறகு அடுக்களைக்குள் போய், சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள், ஏனென்றால் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கலியாணமான நாளிலிருந்து சூசைமரியான் அவளை உதைத்துக்கொண்டிருந்தான். குடித்துவிட்டு அல்ல, அவன் குடிக்கிறவன் இல்லை. குழம்பில் புளி கூடினால், வாசலில் யாரோடாவது நின்று பேசினால், சில நாள் காரணம் தேடப் பொறுமையில்லாமலும். உதைப்பதற்கு முன்னால் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுவான், அந்த மட்டும் மரியாதை உண்டு. இப்போது அவனே பாயில் சுருண்டு, "எவன்னு தெரியலயே, எவன்னு தெரியலயே" என்று முனகியது, அவளுக்கு ஏதோ திருவிழாப் பாட்டு மாதிரி கேட்டது.

ஒரு வாரத்துக்குள் எல்லாச் சொற்களும் தத்தம் ஆட்களைக் கண்டுபிடித்துவிட்டன. பிள்ளைகள் முன்னால் அடியெடுத்து வைத்துக் குத்தி "ஓய் சுகி" என்று கத்தினால், டீக்கடை ஆவுடையம்மாளின் வாயில் விழுந்தது; முன்பல் இரண்டும் பாலில் விழ, அவள் அவற்றை எடுத்துத் துடைத்து முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டாள். நேராக உதைக்கிற "மாய் கெரி" தலையாரியின் மருமகள் வயிற்றில் விழுந்தது, அவளோ அப்போது மாசமாக இருந்தாள். ஆனால் தடுக்கிற சொற்கள் வேறு மாதிரி. கையை நெற்றிக்கு மேல் உயர்த்தித் தடுக்கிற "ஆகே உகே" உப்பள முதலாளி லட்சுமணப்பெருமாளுக்கு வாய்த்தது. அவர் லாரியடியில் நின்றபோது தார்ப்பாய்க் கட்டை சரிந்து அவர் தலைக்கு நேரே வந்து, ஏதோ ஒரு கை தட்டிவிட்டது போல விலகி, பக்கத்தில் நின்ற கூலிக்காரனின் தோளில் விழுந்தது. "கடவுள் கொடுத்தது" என்று முதலாளி சொன்னார். கூலிக்காரனுக்கு யார் கொடுத்தது என்று எவரும் கேட்கவில்லை.

ஊர்க்கூட்டம் போட்டார்கள். ஒவ்வொருவரும் அடிபட்ட இடத்தைக் காட்டினார்கள், வலியைச் சொன்னார்கள், நடந்ததை நம்பாதவர் என்று கூட்டத்தில் ஒருவரும் இல்லை; மழை பெய்தால் உப்புக் கரையும் என்பதைப் போல, இன்ன சொல்லுக்கு இன்னார் என்பதையும் அவர்கள் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். சண்டையெல்லாம் இனி என்ன செய்வது என்பதில்தான்.

"தமிழ்ல சொல்லிப் பாத்தேன்," என்று தவசிக்கனி மாஸ்டர் எழுந்து நின்று சொன்னார். "வட்ட உதைன்னு சொல்லி உதைக்கச் சொன்னேன். யாருக்கும் ஒண்ணும் ஆகல."

"அப்ப அப்படியே சொல்லும்," என்றார்கள் அடிபட்டவர்கள்.

"சொல்லலாம். பெல்ட் பரீட்சைக்கு வாரவர் ஜப்பான் பேரச் சொல்லித்தான கேப்பாரு? வட்ட உதைன்னு சொன்னா எந்தப் பிள்ளைக்கு சர்டிபிகேட் தருவாரு? சர்டிபிகேட் இல்லன்னா போலீஸ் வேலைக்கு, காலேஜ் சீட்டுக்கு எதைக் கொண்டுபோய் நீட்டுவிய?"

உப்பு அள்ளி அள்ளிக் கால் வெளுத்து, செத்தால் உடம்பெல்லாம் எரிந்தும் பாதம் மட்டும் எரியாமல் கிடக்கிற அந்த ஊரில், பிள்ளைகளாவது வேறு வேலைக்குப் போகட்டும் என்று நினைக்காத வீடு இல்லை. அடிபட்டவர்கள் கொஞ்சம் பேர். பிள்ளை பெற்றவர்கள் நிறையப் பேர். முதலாளி தொண்டையைச் செருமி, வகுப்பு காலையிலும் மாலையிலும் குறித்த நேரத்தில் மட்டும் நடக்கட்டும், தொடங்குமுன் ஆலைச் சங்கை ஊதட்டும், சொல் விழுகிறவர்கள் அந்த நேரத்தில் வேலையை விட்டுவிட்டு ஒரு தலையணையோடு உட்கார்ந்துகொள்ளட்டும், மாசமாயிருக்கும் பெண்ணுக்காக மாய் கெரியை மட்டும் பிரசவம்வரை நிறுத்திவைக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னார். என்ன தயாளம் என்று எல்லோரும் மெச்சினார்கள். அந்தப் பெண் பெற்று எழுந்து, பிள்ளைக்குப் பேர் வைத்த அன்று மாலையே மாய் கெரியைத் திரும்பத் தொடங்கினார்கள்.

இப்படியாக முள்ளிக்கரை தன் சொற்களோடு வாழப் பழகிற்று. பெண் பார்க்க வருகிறவர்கள் குலம், கோயில் எல்லாம் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, "வீட்டுல ஏதாச்சும் சொல்லு உண்டா?" என்று கேட்டார்கள். தடுக்கிற சொல் என்றால் இரண்டு பவுன் குறைந்தாலும் பரவாயில்லை. அடிக்கிற சொல் என்றால் காப்பியைக் குடிக்காமல் எழுந்துவிடுவார்கள். சொல்லே விழாதவர்கள்தான் ஊரில் பாதிக்கு மேல். அடிபடுகிறவர்களைப் பற்றி அவர்கள் முதலில் "பாவம்" என்றார்கள், கொஞ்ச நாள் போனதும் "அவனுக்குன்னு பாத்து ஏன் விழணும்?" என்றார்கள், இன்னும் கொஞ்ச நாளில், அவர்கள் வீட்டு நல்லது கெட்டதில் அந்த ஆட்களைப் பந்தியின் கடைசியில் உட்கார வைத்தார்கள், சாப்பிடும்போது உருண்டு விழுந்தால் இலைகள் வீணாகுமே என்று.

பொன்சீலி தன் மகள் ஷைனியைக் கூட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனது இந்த நாட்களில்தான். ஷைனி அப்போது பள்ளியில் மேல்வகுப்புக்கு வந்திருந்தாள், நெடுநெடுவென்று வளர்ந்து, அப்பன் அம்மாவை உதைக்கிற நேரங்களில் மாடத்து மாதா படத்தையே பார்த்துக்கொண்டு நிற்கப் பழகிய பெண்.

"மதினி," என்று மாஸ்டர் தயங்கினார். "தெரிஞ்சுதான் கூட்டிட்டு வாரியளா? மாவாஷி கெரி உங்க வீட்டுக்காரருக்குல்லா விழுது."

"அதனால என்ன மாஸ்டர்? ஊர்ப் பிள்ளையெல்லாம் உதைக்கும்போது எம்பிள்ள உதைச்சா ஆகாதா?"

"பிள்ளைக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியும்," என்று ஷைனியே சொன்னாள். பிறகு செருப்பை வெளியே விட்டுவிட்டு, உள்ளே போய், மண்டியிட்டு, தலை தரையில் தொட வணங்கினாள். அந்தக் கொட்டகையில் அப்படி வணங்கி எழுந்த பிள்ளை சொன்னால்தான் சொல் வேலை செய்யும். வணங்கிய பிள்ளை எந்த ஊரில் நின்று சொன்னாலும் விழும்; வணங்காத வெளியூர்க்காரர் ஆயிரம் பேர் சொன்னாலும் முள்ளிக்கரையில் ஒரு இலை அசையாது.

அன்று மாலை பொன்சீலி ஷெட்டுக்குப் போகவில்லை. அடுக்களை நிலைப்படியில் உட்கார்ந்து, பாயில் தலையணையை அணைத்தபடி சங்குக்காகக் காத்திருந்த புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சங்கு ஊதியது. வழக்கமான உதைகள், சளசளவென்று பல பிள்ளைகளின் உதைகள், அவனைக் கொஞ்சம் குலுக்கின. அதன் பிறகு ஒன்று தனியாக வந்தது. அவன் தலையணையோடு சேர்ந்து சுவரில் மோதி, வாயைத் திறந்து, சத்தம் வராமல், பொன்சீலியைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். அவனுக்குப் புரிந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது.

அதிலிருந்து அவன் அவளைத் தொடவில்லை. புளி கூடினாலும் குறைந்தாலும் சாப்பிட்டான். வாசலில் அவள் நின்று பேசிக்கொண்டிருந்தால் கூடத்திலேயே இருந்துகொண்டான். மகள் பயிற்சி முடிந்து வந்து, வியர்வையோடு தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தால், மீன் துண்டில் பெரியதை அவள் பக்கம் தள்ளிவிட்டான். பொன்சீலி சந்தோஷமாக இருந்தாள். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக என்றுகூடச் சொல்லலாம். ஷெட்டில் பாட்டுப் பாடிக்கொண்டே பொட்டலம் கட்டினாள், பக்கத்துப் பெண்கள் "என்ன மதினி, முகமெல்லாம் மினுங்குது" என்று கேட்டால், "எம்மவ நல்லா உதைக்கா" என்று சொன்னாள், எல்லோரும் சிரித்தார்கள்.

ஆனால் சொல்லுக்கு வீட்டு நியாயம் தெரியாது. ஷைனியின் உதை அழகாக இருந்ததால் மற்றப் பிள்ளைகளும் அதையே பழக விரும்பினார்கள், பிள்ளைகள் விரும்பியதால் மாஸ்டர் வகுப்பில் பாதியை மாவாஷி கெரிக்கே ஒதுக்கினார். சின்னதுகள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில், சங்கும் இல்லாமல் நேரமும் இல்லாமல், நாயை விரட்டவும் புளியங்காய் தட்டவும் அதைச் சொல்லி உதைத்தார்கள். எடைமேடை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, உதைத்துவிட்டு, குமாஸ்தா துள்ளுவதைப் பார்த்துச் சிரித்து ஓடுவது அவர்களுக்கு ஒரு விளையாட்டாயிற்று. எடை எழுதுகிற நேரத்தில் கை உதறி எண்கள் கோணியதால் முதலாளி அவனை வேலையிலிருந்து நிறுத்தினார். "உம்ம மேல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது மரியான், ஆனா உப்பு எடை சரியா இருக்கணும்லா" என்று தோளைத் தட்டி அனுப்பினார். விலா எலும்புகள் உடைந்து, கோணலாகக் கூடி, மறுபடி உடைந்தன. மூச்சு விடுகையில் உள்ளே உப்பு மூட்டை நகர்த்துவது போல ஒரு சத்தம் கேட்டது. படுத்தபடியே ஒன்றுக்குப் போனான். தன்னை உதைத்த மனிதன் அந்தப் பாயில் எங்காவது மிச்சம் இருக்கிறானா என்று பொன்சீலி தேடிப் பார்த்தாள், துணி மாற்றும்போதும் கஞ்சி ஊட்டும்போதும். இல்லை. அவன் என்றைக்கோ போய்விட்டிருந்தான். அவனுக்கு விழ வேண்டியதெல்லாம் விழுந்து முடிந்த பிறகும், வேறு யாரோ ஒரு வயசாளி, பல் தேய்க்கத் தெரியாத, பயந்த கண்ணுள்ள ஒரு ஆள், அவன் பேரில் உதை வாங்கிக்கொண்டிருந்தார்.

"போதும்ட்டி," என்று அவள் ஒருநாள் மகளிடம் சொன்னாள். மாநிலப் போட்டிக்கு ஷைனியின் பேர் போயிருந்த சமயம் அது.

"எது போதும்?"

"அந்த உதை. வேற எத்தனையோ இருக்குல்லா. ஆவுடையம்மா குத்து இருக்கு, அதப் பழகு."

ஷைனி கால்விரல்களுக்குப் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "அப்ப ஆவுடையம்மாளுக்கு வலிக்காதாம்மா?"

பொன்சீலி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பேரச் சொல்லாம உதைச்சுப் பாரேன். வாயத் தொறக்காம," என்றாள்.

"பாத்துட்டேன். நெஞ்சுக்குள்ளயாவது சொல்லணும். சொல்லலன்னா கால் எழும்ப மாட்டேங்குது." பிளாஸ்திரியைப் பல்லால் கடித்துப் பிய்த்தாள். "நீதான கொண்டு சேத்த? அவரு உன்ன உதைக்கும்போது நா எங்க பாத்துட்டு நிப்பேன்னு உனக்குத் தெரியும்லா? இப்ப வந்து போதும்ங்குற."

பொன்சீலி மாஸ்டரிடம் போனாள். "என் கையில என்ன இருக்கு மதினி, ஊர் முடிவுல்லா" என்றார். முதலாளியிடம் போனாள். போட்டிக்குப் போகிற வேனையும் பிள்ளைகளின் வெள்ளைச் சீருடையையும் அவர்தான் கொடுத்திருந்தார், ஒவ்வொரு முதுகிலும் அவருடைய உப்பின் பேர் அச்சடித்திருந்தது. "இவ்வளவு தூரம் வந்தாச்சு," என்றார் அவர். "பிள்ளை ஜெயிச்சு வரட்டும், உம்ம வீட்டுக்காரர நானே பெரியாஸ்பத்திரியில சேக்கேன்." அடிபடுகிற மற்றவர்களிடம் போனாள், எல்லோரும் சேர்ந்து கேட்டால் ஊர் கேட்கும் என்று. ஆவுடையம்மாள் பொக்கை வாயால், "உம்மவ அந்த ஒதையிலயே நின்னா எங்குத்து குறையுதுல்லா தாயி," என்றாள். "நாங் கேக்க மாட்டேன்."

போட்டி நடந்த நாளில், உப்பளத்து அலுவலக மைதானத்தில் பெரிய திரை கட்டி, சென்னையில் நடப்பதை இங்கே காட்டினார்கள். வெயிலைப் பார்க்காமல் ஊரே போய் உட்கார்ந்தது. பொன்சீலி போகவில்லை. சூசைமரியானை இருக்கிற எல்லாத் தலையணைக்கும் நடுவில் வைத்து, பழைய சேலைகளைச் சுற்றிக் கட்டி, தன் மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மைதானத்திலிருந்து கூச்சல் ஒவ்வொரு முறை எழும்போதும், அதற்கு ஒரு கணம் முன்னதாகவே அவன் உடம்பு அதிர்ந்தது. காலிறுதி போயிற்று. அரையிறுதி போயிற்று. அவள் அவன்மேல் கவிழ்ந்து, தன் முதுகைக் கொடுத்து மறைத்துப் பார்த்தாள். உதை அவளுக்குள் புகுந்து, அவளுக்கு ஒரு கொசுக்கடிகூட வைக்காமல், மறுபக்கம் வெளியேறி அவன் விலாவில் இறங்கியது.

"யாரு உதைக்கா?" என்று அவன் கேட்டான். வாயோரம் ரத்தம் நுரைத்திருந்தது. "நம்ம பிள்ளையா?"

"ஆமா."

"அவளோடது எனக்குத் தனியாத் தெரியும்," என்றான். மூச்சை இழுத்துப் பிடித்து, ஏதோ கணக்குச் சரிபார்ப்பது போல யோசித்தான். "நல்லா உதைக்கா."

"பேசாதீங்க."

"ஜெயிச்சிருவாளா?"

அவள் பதில் சொல்வதற்குள் மைதானத்தில் இதுவரை எழாத ஒரு சத்தம் எழுந்தது, வேட்டு வெடித்தார்கள், மேளம் கொட்டினார்கள். அவள் மடியில் கனம் கூடியிருந்தது. ஜெயிச்சிட்டா, ஜெயிச்சிட்டா என்று தெருவில் ஓடிக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டு, செத்துப்போனார் என்று சொல்ல அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

மறுநாள் மத்தியானம் ஷைனி வந்து சேர்ந்தபோது, அப்பன் சவப்பெட்டியில், இரண்டு பெஞ்சுகளின்மேல், தெருப் பந்தலுக்குக் கீழே கிடந்தான். கையில் ஜெபமாலை சுற்றியிருந்தது. கழுத்துப் பதக்கத்தைக் கழற்ற மறந்து அவள் அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றாள். இரண்டு பேரும் அழவில்லை. ஊர் மொத்தமும் வந்திருந்தது. ஆனால் சாவு வீட்டுக் கூட்டம் நெருங்கி நிற்பது போல அது நிற்கவில்லை. ஒருவருக்கொருவர் எட்டி எட்டி, கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டி, இடது விலாவைப் பொத்தியபடி நின்றார்கள். அந்தச் சொல்லுக்கு இப்போது ஆள் இல்லை. அது இனி யாரைத் தேடும் என்பதைத் தவிர வேறு நினைப்பு அங்கே எவருக்கும் இல்லை. பங்குச் சாமியார் மந்திரிப்பு ஜெபத்தை இரண்டு முறை தப்பாகச் சொன்னார்.

முதலாளி கூட்டத்திலிருந்து வெளியே வந்தார். "அம்மாடி ஷைனி," என்றார் மிகவும் மெதுவாக. "உன் மனசு என்ன பாடுபடும்னு எங்களுக்குத் தெரியும். ஆனா இத்தனை பேரு சோறு தண்ணி இல்லாம நிக்காங்க. தெரியாம எப்படி வீட்டுக்குப் போவாங்க? அடக்கத்துக்கு முன்னால ஒரே ஒரு தடவ. லேசா வீசினாப் போதும்."

"லேசா," என்று ஓரிருவர் பின்னாலிருந்து சொன்னார்கள்.

ஷைனி அம்மாவைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வையில், வேண்டாம் என்று பொன்சீலி தலையசைத்திருந்தால், அந்தப் பெண் அதோடு அந்தக் காலை என்றைக்குமாக மடக்கி வைத்திருப்பாள். அதைப் பொன்சீலி பிற்பாடு எத்தனையோ முறை யோசித்துப் பார்த்தாள். ஆனால் அப்போது அவளுக்குள் இருந்ததும் அந்தப் பயம்தான். பெண்டாட்டிக்குத்தானே முதல் பாத்தியதை என்று காலையிலிருந்து பெண்கள் அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கிசுகிசுத்திருந்தார்கள். அவள் தன் விலாவில் கை வைத்தாள், அது இன்னும் யாருடையது என்று தெரியாத விலா. தெரிந்துவிடட்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அவள் சரி என்று தலையசைத்தாள்.

கூட்டம் இடம் விட்டது. ஷைனி செருப்பை உதறிவிட்டு, பெட்டிக்கு முதுகைக் காட்டி நின்று, வெறும் காற்றை நோக்கிக் காலை மடக்கி, இடுப்பைத் திருப்பினாள். லேசாக வீசவில்லை. லேசாக வீச அவளுக்குத் தெரியாது, அல்லது தெரிந்தும் அந்தக் கூட்டத்தில் எதிரே நின்ற முகங்களைப் பார்த்ததும் மனம் வரவில்லை. "மாவாஷி கெரி!"

யாரும் விழவில்லை. முதலாளி நின்றார், மாஸ்டர் நின்றார், பொன்சீலி கண்ணை மூடியபடி நின்றாள். அப்போது பின்னாலிருந்து மரம் பிளக்கிற சத்தம் கேட்டது. சவப்பெட்டி பெஞ்சிலிருந்து ஒரு முழம் நகர்ந்து, பக்கப் பலகை கீறி, மேலே கிடந்த மாலைகள் சரிய, சூசைமரியானின் கை ஜெபமாலையோடு வெளியே விழுந்து தொங்கிற்று.

பிறகு யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள், அந்த மூச்சு கூட்டம் முழுக்கப் பரவியது. "அவருட்டயேதான் இருக்கு," என்றாள் ஒருத்தி. "அவரே கொண்டு போயிட்டாரு." பெண்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுதார்கள், அந்தச் சாவில் விழுந்த முதல் கண்ணீர் அதுதான். ஆண்கள் முந்திக்கொண்டு வந்து பெட்டிக்குத் தோள் கொடுத்தார்கள். அவ்வளவு கூட்டமும், அவ்வளவு வெளிப்படையான நன்றியுமாக முள்ளிக்கரையில் வேறு யாருடைய அடக்கமும் நடந்ததில்லை.

அதன் பிறகு மாவாஷி கெரிக்கு மட்டும் சங்கு தேவைப்படவில்லை. இஷ்டம்போல உதைக்கலாம் என்றானதும், பக்கத்து ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள்; கொட்டகைக்குப் புதுக் கூரை போட்டார்கள்; இந்த உதைக்கு முள்ளிக்கரைதான் என்று மாவட்டம் முழுக்கப் பேச்சாயிற்று. கல்லறைத் தோட்டத்தில் அவன்மேல் பூசிய சிமெண்டு ஒரே வாரத்தில் விண்டது. முதலாளி செலவில் கருங்கல் பலகை வைத்தார்கள், அதுவும் பிளந்தது. கொத்தனார் வந்து பார்த்து, "மதினி, இதுக்குக் கம்பி கட்டிக் கான்கிரீட்டே போட்டாலும் நிக்காது," என்று சொல்லிவிட்டுப் போனார். பொன்சீலி உடைந்த துண்டுகளை அப்புறப்படுத்திவிட்டு, வெறும் மண்ணாகவே விடச் சொன்னாள்.

ஒரு தடவை அவள் கொட்டகைக்குப் போய் வாசலில் நின்றாள். "மாஸ்டர், அந்த ஒண்ண மட்டும் தமிழ்ல சொல்லப்பிடாதா?"

மாஸ்டர் பிள்ளைகளை நிறுத்திவிட்டு அவளிடம் வந்தார். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "செத்தவருக்கு என்ன மதினி தெரியப்போவுது?"

"தெரியாதுன்னு உமக்கு யாரு சொன்னா?"

அவர் பிள்ளைகள் பக்கம் திரும்பிக்கொண்டார். உள்ளே வரிசையின் முன்னால் ஷைனி நின்றுகொண்டிருந்தாள், போலீஸ் தேர்வுக்கு அழைப்பு வந்திருந்த சமயம், அம்மாவைப் பார்த்தாள், பார்க்காதது போல நின்றாள். பொன்சீலி திரும்பி நடந்தாள்.

இப்போதெல்லாம் அவள் மாலையில் ஷெட் வேலை முடிந்ததும் நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறாள். மண்மேட்டின் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் மண்மேல் பதித்து வைக்கிறாள். வகுப்பு தொடங்கியதும் மண் துடிக்க ஆரம்பிக்கும். சின்னப் பிள்ளைகளின் உதைகள் எலி ஓடுவது போலச் சலசலத்துப் போகும். பெரிய பிள்ளைகளுடையது மண்ணை விரிசலிட வைக்கும். எல்லாவற்றுக்கும் கடைசியில் ஷைனியுடையது வரும், அது தனியாகத் தெரியும், மேடு முழுவதும் ஒரு விரல்கடை எழும்பி அமரும், உள்ளே எதுவோ இடம் மாறும். அவள் கைகளை எடுக்க மாட்டாள். எல்லாம் ஓய்ந்த பிறகு, விரிசல்களில் மண்ணைத் தள்ளி, நீர் தெளித்துத் தட்டிச் சமமாக்கிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வேகமாக வீட்டைப் பார்த்து நடப்பாள். இன்றைக்கு மண் எழும்பிய உயரத்தைப் பார்த்தால், பிள்ளைக்கு நல்ல பசி இருக்கும். கூட ஒரு பிடி அரிசி போட வேண்டும்.